ஏழுமலைக்கு எத்தனை கணக்கு?

(செம்மநத்தத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெசட்டியர் 1918-இல் அச்சானது. நம் சேர்வராயன் மலையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இன்றும் தூசு தட்டி எடுக்கிற புத்தகம். அதே 1918-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் ஊர்க்காரர் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். பெயர்களை எழுத்துக்கூட்டு வரிசையில் வைக்காமல், காதில் விழும் ஒலியை வைத்து அடுக்கும் அட்டைத் தொகுப்பு அது. பின்னாளில் அதற்கு சவுண்டெக்ஸ் என்று பெயர் வந்தது. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தள மென்பொருள்களில் இன்றும் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. கெசட்டியர் இந்த மாவட்டத்துக்காக எழுதப்பட்டது. சவுண்டெக்ஸ் அப்படியில்லை, ஆனாலும் நம் பெயர்கள் அதன் கையில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஒரு காப்பி வியாபாரியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். செம்மநத்தம், நாகலூர், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து காப்பியும் மிளகும் அவரிடம் வருகின்றன. சீசனுக்கு முன் முன்பணம் கொடுப்பார். சரக்கு வந்ததும் அதில் கழித்துக்கொள்வார். முன்பு பேரேட்டில் எழுதினார்கள், இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். முன்பணம் கொடுத்த அன்று கணக்குப் பையன் ஏழுமலை என்ற பெயரை ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு ஏற்றிவிட்டான். தை மாதம் மூட்டையை எடை போட்ட அன்று வேறொரு பெண் எல் போட்டுத் தேடினாள். பெயர் வரவில்லை, புதுக் கணக்கு திறந்துவிட்டாள். இப்போது ஒரு கணக்கில் ஏழுமலை கடன்காரர். இன்னொரு கணக்கில் வியாபாரி அவருக்குக் கடன்காரர். சரக்குக்கு முழுப் பணமும் போய்விட்டது, முன்பணம் வராக்கடனாக நிற்கிறது. ஏழுமலை நல்ல மனுஷர், “அந்தப் பழைய பாக்கிய கழிச்சிட்டீங்களா?” என்று கேட்கவும் செய்தார். கம்ப்யூட்டரில் பார்த்த பெண், “உங்க பேர்ல பாக்கி ஒண்ணும் இல்லீங்கண்ணா” என்றாள். அவள் பார்த்த கணக்கில் இல்லைதான்.

இதைச் சரிசெய்யத்தான் ஒலிவழிப் பொருத்தம் என்கிறார்கள். சவுண்டெக்ஸ் செய்வது இவ்வளவுதான்: ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். அதற்குப் பின் வரும் உயிரெழுத்துகளையும் எச், டபிள்யூ, ஒய் மூன்றையும் தள்ளிவிடும். மிச்ச மெய்களுக்கு எண் போடும். பி, எஃப், வி போன்ற உதட்டொலிகளுக்கு 1; சி, ஜி, ஜே, கே, எஸ், இசட் கூட்டத்துக்கு 2; டி என்ற ஒலியுள்ள இரண்டு எழுத்துகளுக்கும் 3; எல் 4; எம், என் இரண்டுக்கும் 5; ஆர் 6. ஒரே எண்ணுள்ள மெய்கள் நடுவில் உயிர் இல்லாமல் ஒட்டி வந்தால் அந்த எண்ணை ஒரு தடவைதான் எழுதும். மூன்று எண் சேர்ந்ததும் நிறுத்திவிடும். போதாவிட்டால் பூஜ்யம் போட்டு நிரப்பும். முருகேசன் எம்-622. நடுவில் ஜி போட்டாலும் கே போட்டாலும் அதே எம்-622. லட்சுமியை கே-எஸ்-எச் போட்டு எழுதினாலும் எக்ஸ் போட்டு எழுதினாலும் எல்-250.

எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று பார்த்துத்தான் ரஸ்ஸல் இந்தக் கூட்டங்களைப் பிரித்தார். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உடனே ‘எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது’ என்று கிளம்ப வேண்டாம். இலக்கணம் இருந்தது, அட்டைத் தொகுப்பை நாம் செய்யவில்லை.

இனி நம் ஏழுமலையை இதில் போட்டுப் பார்ப்போம். இசட்-எச் போட்ட ஏழுமலை இ-254. எல் போட்ட ஏழுமலை இ-454. நம்மில் பலர் ஏகாரத்துக்கு முன் ஒரு ஒய் சேர்த்து எழுதுவோம், ஏற்காட்டையே அப்படித்தான் எழுதுகிறோம். அப்போது ஒய்-254, ஒய்-454 என்று இன்னும் இரண்டு. ஒரே மனிதருக்கு நான்கு குறிகள், ஒன்றுக்கொன்று ஒட்டாது. பழனிசாமிக்கு இரண்டு. தமிழ்ச்செல்விக்கு டி-542, டி-524 என்று எண்ணே இடம் மாறிக்கொள்கிறது. முதல் எழுத்தை விடாப்பிடியாக வைத்துக்கொள்வதால் கோவிந்தன் ஜி-யிலும் கே-யிலும் பிரிந்துபோவார். தனபால் இரண்டு டி-க்களுக்கு நடுவே. செல்வம் எஸ்-ஸா சி-யா என்று தெரியாமல் நிற்பார். மலேசியத் தோட்டப் பதிவேடுகளில் லட்சுமியை டி-சி-எச் சேர்த்து எழுதுகிற வழக்கம் உண்டு. அந்த லெட்சுமிக்கு எல்-325. யாழ்ப்பாணத்துச் செல்வநாயகமும் சேலத்துச் செல்வநாயகமும் ஆங்கிலத்தில் சேர்ந்து நிற்பதே கஷ்டம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னும் மோசம். மணி எம்-500. மோகன் எம்-500. மாயன், மீனா, அவர்களும் எம்-500. ஊரில் பாதிப் பேரை ஒரே ஆளாக்கிவிடுகிற குறி இது.

ஆங்கிலப் பெயராவது தப்பியதா என்றால் அதுவும் இல்லை. 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன். நாம் எழுதியபடி காக்பர்ன் என்கிறோம். அவர்கள் ஊரில் நடுவில் உள்ள எழுத்துகளை விழுங்கி கோபர்ன் என்பார்கள். எழுதியபடி போட்டால் சி-216, சொல்கிறபடி எழுதிப் போட்டால் சி-165. ஒலியை வைத்து அடுக்குவதாகச் சொன்ன முறை, உண்மையில் எழுத்துக்கூட்டை வைத்து ஒலியை ஊகிக்கிறது. ஊகத்துக்கு அடிப்படை ஆங்கிலக் குடும்பப் பெயர்கள். யாருடைய பெயருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கே அவ்வப்போது காலை வாரும்.

அப்படியானால் அது உதவாத சரக்கா? அமெரிக்காவில் அதற்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதியோர் ஓய்வூதியம் கேட்பவர் வயதை நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் ஏராளம். வழி என்ன? பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் சிறு பிள்ளையாகப் பதிவாகியிருப்பாரே, அதைத் தேடு என்றார்கள். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை எழுத்து வரிசையில் தேடினால் கிடைக்காது. வேலையில்லாதோருக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தின் ஆட்களை உட்காரவைத்து, 1880, 1900 கணக்கெடுப்புகளுக்கு சவுண்டெக்ஸ் அட்டை எழுதவைத்தார்கள். 1880-க்கு எல்லா வீடுகளுக்கும் எழுதவில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்த வீடுகளுக்கு மட்டும். ஓய்வூதிய வயதை எட்டுகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தானே! அங்கே குறி செய்த வேலை, தேட வேண்டிய அட்டைகளை ஒரு பிடிக்குள் கொண்டுவந்தது. இவர்தான் அவர் என்று முடிவு கட்டியது குறி அல்ல; அட்டையைக் கையில் எடுத்து, பெற்றோர் பெயர், ஊர், வயது பார்த்த மனிதர். மலையில் வயதைக் கேட்டால் ‘பெரிய மழை பெய்த வருஷம்’ என்று சொல்கிற பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அட்டைகளின் அருமை தெரியும்.

நம் நாட்டில் ஒலிவழிப் பொருத்தத்தை மிகப் பெரிய அளவில் செய்துபார்த்தது வருமான வரித்துறை. ஒருவருக்கு ஒரு பான் எண்தான் இருக்க வேண்டும். இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். புதிதாக விண்ணப்பம் வந்தால், ஏற்கெனவே உள்ள பெயர்களோடு ஒலியளவில் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ‘ஒலிவழி பான்’ என்றே ஒரு முறையை வைத்திருந்தார்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களை வைத்து ஒப்பிடுவது. பிறகு பானோடு ஆதாரை இணைக்கச் சொல்லும் சட்டப்பிரிவை எதிர்த்து பினோய் விஸ்வம் தொடுத்த வழக்கில், 2017 ஜூன் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரட்டை பான்கள் 11.35 லட்சம் கண்டுபிடிக்கப்பட்டன, அதில் 10.52 லட்சம் தனிநபர்களுடையவை என்று அரசுத் தரப்பு அந்த வழக்கில் சொன்ன கணக்கு பதிவாகியிருக்கிறது. பெயரை வைத்து ஒப்பிட்டால் போதாது, கைரேகையும் கருவிழியும் வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் ஒரு பாதி எனக்கு உடன்பாடு. ஒலிப்பொருத்தம் எழுத்தரின் கைத்தவறைப் பிடிக்கும். ஏமாற்ற நினைக்கிறவரைப் பிடிக்காது. அவர் அப்பா பெயரையே மாற்றிக்கொண்டு வருவார். மறுபாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. பழம் பறித்தும் மண் கொத்தியும் தேய்ந்த விரல்களுக்கு ரேகைக் கருவி பல நேரம் பதில் சொல்வதில்லை. இந்த அவையில் அதை விளக்கத் தேவையில்லை. தவிர, நான் பேச வந்தது வியாபாரக் கணக்கு. முன்பணம் கேட்டு வருகிறவரின் கட்டைவிரலை வியாபாரி வாங்கிவைக்க முடியாது, வாங்கவும் கூடாது. அவருக்குப் பெயரும் ஊரும்தான் கைப்பிடி.

பான் அட்டையில் இன்னொரு வேடிக்கை. அதன் ஐந்தாவது எழுத்து, விண்ணப்பத்தில் கொடுத்த குடும்பப் பெயரின் முதலெழுத்து. நமக்கேது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறோம். பெருமாள் மகன் ராமனுக்கு பி வரும். இன்னொரு இடத்தில் ராமன் என்பதையே அங்கே போட்டிருந்தால் ஆர் வரும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த படிவத்தில் நாம் தலைகீழாகவும் நிற்போம், நேராகவும் நிற்போம். ஒப்பிடுகிற மென்பொருள் இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை பார்ப்பதில்லை.

மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் பெயருக்கு அவரவர் குறி செய்துகொண்டார்கள். 1969-இல் ஜெர்மன் பெயர்களுக்கு ஹான்ஸ் போஸ்டல் கொலோன் ஒலிமுறையை அமைத்தார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பெயர்களுக்காக 1985-இல் டெய்ட்ச், மோகோடாஃப் என்ற இருவர் சவுண்டெக்ஸைப் பிரித்துக் கட்டினார்கள். 1990-இல் லாரன்ஸ் பிலிப்ஸ் மெட்டாஃபோன் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மலையாளத்தில் சந்தோஷ் தோட்டிங்கல் இந்திய மொழிகளுக்கான சவுண்டெக்ஸ் ஒன்றை எழுதினார். கைலாஷ் நாத் மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும் தனித்தனி ஒலிக்குறி செய்தார்.

தமிழுக்கு என் கருத்து இது: ஆங்கில எழுத்தில் ஏற்றிவிட்டு, பிறகு அதிலிருந்து தமிழ் ஒலியைத் தோண்டி எடுக்கப் படாத பாடு படுகிறோம். முதலிலேயே தமிழில் ஏற்றினால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. கோவிந்தனுக்கு ஜி-யா கே-யா என்ற கேள்வி தமிழில் எழவே எழாது. தனபாலும் செல்வமும் ஒரே மாதிரிதான் எழுதப்படுவார்கள். ஏழுமலை ஏழுமலைதான், பிழையாக எழுதினாலும் எலுமலை, ஏளுமலை என்று ல-ள-ழ வட்டத்துக்குள்ளேதான் சுற்றுவார். வல்லெழுத்தின் ஒவ்வோர் ஒலிக்கும் தனியெழுத்து வைக்காத நம் எழுத்து முறையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. பெயர் தேடுகிறவனுக்கு அது வரப்பிரசாதம்.

தமிழில் ஏற்றிய பிறகும் சில முடிச்சுகள் மிஞ்சும். அவற்றை அவிழ்க்கிற வழி எளிது. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கு. ந, ன, ண ஒன்று. ர, ற ஒன்று. இரட்டித்த ஒற்றில் ஒன்றை எடுத்துவிடு. ஜ, ஸ, ஷ எல்லாம் ச ஆகட்டும். இராமசாமி, அரங்கசாமி, உலோகநாதன் என்று ர, ல முன்னால் இலக்கணத்துக்காக நிற்கும் உயிரைக் கழற்று. கடைசி ம்-மையும் ன்-னையும் ஒன்றாக வை. சுப்பிரமணியமும் சுப்பிரமணியனும் ஒரே ஆளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதல் எழுத்தின் உயிரைக் குறில் நெடில் பாராமல் வைத்துக்கொண்டு, மற்ற உயிர்களை விட்டுவிடு. இப்போது எம்-500 கூட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மணி ம-ன. மீனா மி-ன. மாயன் ம-ய-ன. ஆங்கிலத்தில் எச் ஆகிக் காணாமல் போன மோகனின் ககரம் இங்கே தப்பிப் பிழைக்கிறது: மொ-க-ன. நான்கு பேரும் நான்கு பேராகவே நிற்கிறார்கள்.

குறை இல்லாமலில்லை. ராமனும் ரமணியும் ர-ம-ன என்று ஒரே குறியில் விழுவார்கள். வள்ளியும் வல்லியும் சேர்ந்துகொள்வார்கள். லட்சுமியும் இலக்குமியும் சேரமாட்டார்கள்; அப்படிப்பட்ட சிலதை ஒரு பட்டியலாகக் கையில் எழுதித்தான் வைக்க வேண்டும்.

தமிழில் ஏற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு இரண்டாக இருக்கலாம். யூனிகோடில் கோ என்பதன் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. ஔ-வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்ரீ-யையே இரண்டு விதமாக அமைக்க முடியும். எழுதுகிற புள்ளையைத் திட்டிப் பயனில்லை; ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவரும் கட்டளையை மென்பொருளில் வைத்தால் போதும்.

இனி செம்மநத்தத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். நகரத்துப் பட்டியலில் கேள்வி, ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருக்கிறாரா என்பது. மலை ஊரில் அதைவிடப் பெரிய கேள்வி, ஒரே பெயரில் எத்தனை ஆள் என்பது. சாமி பெயரும் தாத்தா பெயரும் மாறி மாறி வருகிற ஊர். மலை உச்சிக் குகைக்கோயில் சேர்வராயன் பெயரை வைத்துக்கொண்டவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! தாத்தா பெருமாள், அவர் பிள்ளைகள் இரண்டு பேர், ராமன், சின்னசாமி. இரண்டு பேரும் தலைமகனுக்கு அப்பா பெயரை வைக்கிறார்கள். ரா. பெருமாள், சி. பெருமாள். பெயர் ஒன்று, ஊர் ஒன்று, பக்கத்துப் பக்கத்துக் காடு, வயதிலும் ஓரிரண்டு வருஷம்தான் வித்தியாசம். இருவரையும் பிரிப்பது ஓர் இனிஷியல் மட்டும். அந்த ஓர் எழுத்தைத்தான் ஏற்றுகிறவர்கள் முதலில் விடுகிறார்கள். ‘பொருந்தாத குப்பை’ என்று மென்பொருளும் முதலில் கழிக்கிறது.

1959-இல் கனடாவில் ஹோவர்ட் நியூகோம்ப் என்பவர் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தார். சவுண்டெக்ஸைப் பயன்படுத்தினார், ஆனால் அதோடு நிற்கவில்லை. அரிதான பெயர் பொருந்தினால் அதற்கு அதிக மதிப்பெண், சாதாரணப் பெயர் பொருந்தினால் குறைந்த மதிப்பெண் என்று வைத்தார். 1969-இல் ஐவன் ஃபெலிகி, ஆலன் சன்டர் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் அதற்குக் கணித உரு கொடுத்தார்கள். செம்மநத்தத்தில் இரண்டு பெருமாள் பொருந்தினால் அது சேதியே அல்ல. ஊரில் ஒருவரே வைத்திருக்கும் பெயர் இரண்டு தடவை வந்தால்தான் சேதி. ஆக, பெயரின் எடையை அந்தந்த ஊரில் அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் போட வேண்டும். சென்னைப் பட்டியலில் போட்ட எடை இங்கே செல்லாது.

குறியை வைத்து வடிகட்டாமலும் முடியாது. 3,000 பெயர் உள்ள பட்டியலில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 44,98,500 ஜோடி. எந்தக் கணக்குப்பிள்ளையும் அதை உட்கார்ந்து பார்க்க மாட்டார். காப்பிக்கொட்டையைத் தரம் பிரிக்கும் சல்லடை மாதிரி, ஒலிக்குறி ஒரே அளவுள்ளதை ஒரு தட்டில் தள்ளிக் கொடுக்கும். கறுத்த கொட்டையைப் பொறுக்குவது கையின் வேலை. தட்டில் விழுந்த ஜோடிக்கு இனிஷியல், ஊர், போன் நம்பர், வங்கிக் கணக்கு, யாருக்கு யார் சாட்சி நின்றார்கள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதில் வங்கிக் கணக்கு ஒன்றாக இருந்தால் மட்டும் ஆள் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் கணக்கில் தம்பி பணம் வாங்குவது இங்கே சகஜம். ஒரே போன் நம்பர் ஒரு வீட்டில் நாலு பேருக்கு இருக்கும்.

இரண்டு தவறில் எது பெரியது? ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு இருந்தால் வியாபாரிக்கு நஷ்டம். தாங்கிக்கொள்வார், அடுத்த சீசனில் கண்டுபிடிப்பார். இரண்டு ஆளை ஒரே கணக்காக்கினால் சி. பெருமாள் வாங்கிய முன்பணத்தை ரா. பெருமாளின் மிளகில் கழிப்பார்கள். அவர் வந்து நிற்கும்போது கம்ப்யூட்டர் காட்டுகிறது என்பார்கள். இதே தவறு அரசுப் பட்டியலில் நேர்ந்தால் ஒருவர் பெயரே அடிபட்டுப் போகும். அதனால் சந்தேகம் இருந்தால் சேர்க்காதே என்பது என் கட்சி. மென்பொருள் விற்கிறவர்கள் எத்தனை இரட்டைப் பதிவைக் குறைத்தோம் என்று பெருமையாகக் காட்டுவார்கள். எத்தனை பேரைத் தவறாகச் சேர்த்தோம் என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். சேர்த்த பின்பும் பழைய கணக்கு எண்கள் இரண்டையும் அழிக்காமல் வையுங்கள், தேவைப்பட்டால் பிரிக்க வேண்டும். யார் சேர்த்தார், எந்தத் தேதியில், யாரைக் கேட்டுச் சேர்த்தார் என்ற குறிப்பும் வேண்டும். கேட்பது என்றால், ஏழுமலையையே கேட்பது.

கடைசியாக ஒன்று, எனக்கும் முழு விடை கிடைக்காதது. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் கூலிப் பதிவேட்டில் இருந்த பெண், கல்யாணத்துக்குப் பின் கணவர் இனிஷியலில் வருகிறார். ஊரும் மாறுகிறது, போனும் மாறுகிறது. பெயர் மட்டும் அதே வள்ளி. அதுவும் பத்து வள்ளிகளில் ஒரு வள்ளி. முந்தைய வருஷ போனஸ் பாக்கி அப்பா வீட்டு இனிஷியலில் கிடக்கும். எந்த ஒலிக்குறியும் இந்த இரண்டையும் ஒரே தட்டில் தள்ளாது. பதிவேட்டில் தந்தை பெயருக்கு ஒரு கட்டம், கணவர் பெயருக்குத் தனியாக ஒரு கட்டம், முன்பு வேலை செய்த தோட்டத்துக்கு ஒரு கட்டம் என்று மூன்றையும் இந்தப் பழம் பறிப்புக்கு முன்பே போட்டுவைக்கலாம். கட்டம் போடுவதற்குச் செலவில்லை. நிரப்புவதற்கு அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். பெண் மேஸ்திரிகள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அதை நீங்கள் சொல்லுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்.